சுங்கை சிப்புட்டில் ஏர்கோன் போட்டுத்தான் கார் ஓட்டுகிறோம்

மலேசியாவில் கிராஸ்ஓவர் கார்களை, அதாவது தரையிலிருந்து உயர்ந்து நிற்கும் குடும்பக் கார்களை, தயாரித்தும் விற்றும் வரும் நிறுவனத்தாருக்கு,

வணக்கம். உங்களில் ஒருவருடைய காரை வாங்கி ஓட்டிக்கொண்டிருப்பவள் நான். எந்த நிறுவனம், எந்த மாடல் என்று இங்கே எழுதப் போவதில்லை. கோயில் வாசலிலும் எண்ணெய் (பெட்ரோல்) நிலையத்திலும் மற்ற கார்க்காரர்களிடம் பேசிப் பார்த்துவிட்டேன். கார் பெயர்தான் மாறுகிறது, புலம்பல் மாறவில்லை. அதனால் எல்லோருக்கும் பொதுவாகவே எழுதுகிறேன்.

சொல்ல வந்தது முக்கியமாக ஒன்றுதான். கையேட்டில் நீங்கள் அச்சடிக்கும் எண்ணெய்க் கணக்கு, ஏர்கோனை (குளிர்சாதனத்தை) அடைத்துவிட்டு, அதாவது நிறுத்திவிட்டு, எடுத்த கணக்கு. எங்கள் ஊரில் ஏர்கோனை அடைத்துவிட்டுக் கார் ஓட்டுகிற ஆள் கிடையாது. ஏர்கோன் போட்டு எடுத்த கணக்கையும் அதற்குப் பக்கத்திலேயே, அதே அளவு எழுத்தில் போடுங்கள்.

எங்கள் ஊர் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட். ஈப்போவிலிருந்து பழைய சாலையில் வடக்கே வந்தால் சிம்மோரைத் தாண்டி வரும்; இன்னும் போனால் கோலகங்சார். ஒரு காலத்தில் சுற்றிலும் பால்மரம் (ரப்பர்), இப்போது எங்கு பார்த்தாலும் எண்ணெய் எடுக்கும் செம்பனை. தோட்டத்து லயன் வீடுகளில் பிறந்தவர்கள் தாமான் எனும் குடியிருப்புகளுக்கு வந்துவிட்டார்கள். பிள்ளைகள் ஈப்போவிலும் பினாங்கிலும் வேலை பார்க்கிறார்கள். பெரியவர்களில் சிலர் இன்னும் தோட்டத்தை விட்டு நகரவில்லை. பஸ்ஸை நம்பி ஒன்றும் நடக்காது. ஆஸ்பத்திரிக்கும் கார்தான், ஈப்போ கல்லுமலைக் கோயிலுக்கும் கார்தான், கல்யாண வீட்டுக்கும் கார்தான். 1985-இல் வந்த புரோட்டோன் சாகாவும் 2005-இல் வந்த பெரோடுவா மைவியும் தோட்டப்புறத்து வாசல்களில் நின்ற கார்கள். 2018 டிசம்பரில் புரோட்டோன் தன் முதல் எஸ்யூவியாக எக்ஸ்70-ஐ இறக்கிய பிறகு, உயரமான கார் ஆசை இங்கேயும் தொற்றிக்கொண்டது. ஒன்பது வருடத் தவணை என்றால் மாதக் கட்டணம் கைக்கு எட்டுகிற மாதிரி வந்துவிடுகிறது. ஒன்பது வருடம் என்றால் ஒரு பிள்ளை முதலாம் ஆண்டில் சேர்ந்து படிவம் மூன்றை முடித்துவிடும். அவ்வளவு நாள் கட்டப் போகிற பொருளைப் பற்றி உள்ளதை உள்ளபடி கேட்பதில் தப்பில்லையே.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். என் அம்மாவுக்கு இரண்டு முட்டியும் தேய்ந்துபோய்விட்டன. பழைய காரில் ஏறுவதென்றால் முதலில் தலையைக் குனிய வேண்டும், பிறகு உடம்பைக் கீழே இறக்க வேண்டும், இறங்கும்போது யாராவது கையைப் பிடித்துத் தூக்கிவிட வேண்டும். இந்தக் காரின் இருக்கை அவருடைய இடுப்பு உயரத்துக்கு நிற்கிறது. முதுகைக் காட்டி நின்று உட்கார்ந்து, காலை உள்ளே எடுத்து வைத்தால் முடிந்தது வேலை. இந்த ஒரு காரணத்துக்காகவே எங்கள் பக்கத்தில் பல குடும்பங்கள் கிராஸ்ஓவருக்கு மாறியிருக்கின்றன. உங்கள் விளம்பரத்தில் மலையுச்சியில் காரை நிறுத்திவிட்டுச் சூரியனைப் பார்க்கும் இளைஞர்களைத்தான் காட்டுகிறீர்கள். எங்கள் கார்களின் பின்னிருக்கையில் பாட்டிகள்தான் உட்கார்ந்திருக்கிறார்கள்.

அப்புறம் எண்ணெய். ஷோரூமில் காரைக் காட்டிய தம்பி, "லிட்டருக்குப் பதினெட்டு ஓடும் டீச்சர்" என்றார். கையேட்டிலும் 100 கிலோமீட்டருக்கு 5.6 லிட்டர் என்று இருந்தது. வகுத்துப் பார்த்தால் ஏறக்குறைய பதினெட்டுதான் வருகிறது.

"டவுனுக்குள்ள ஓட்டினாலுமா தம்பி?"

"அது உங்க கால்ல இருக்கு டீச்சர்" என்று சிரித்தார்.

எல்லாப் பழியையும் ஓட்டுநரின் காலில் போட்டுவிடுவது ரொம்ப வசதியான பதில். நான் கணக்குப் பாடம் நடத்துகிறவள். டேங்கை நிரப்பி, ஓடிய தூரத்தைக் குறித்துக்கொண்டு, மறுபடி நிரப்பும்போது பிடித்த லிட்டரால் வகுக்கும் பழைய முறையைத்தான் நம்புவேன். டாஷ்போர்டில் மின்னும் சராசரி இதைவிட எப்போதும் கொஞ்சம் தாராளமாகவே பேசுகிறது. பள்ளி, பாசார் (சந்தை), தோட்டம் என்று சுற்றும் வாரங்களில் லிட்டருக்குப் பதினொன்று, பன்னிரண்டு. பினாங்குக்கு நெடுஞ்சாலையில் போய்வந்தால் பதினாறுக்குப் பக்கத்தில் வரும். பதினெட்டை எட்டிப் பார்த்ததே இல்லை. பக்கத்துத் தாமானில் வேறு நிறுவனத்துக் கிராஸ்ஓவர் வைத்திருக்கும் அண்ணனும் குறித்து வைக்கிற பழக்கம் உள்ளவர்தான். அவருடைய கணக்கும் இதே ரகம்.

ஏன் இப்படி என்று தேடிப் படித்தேன். கையேட்டில் அந்த எண்ணின் தலையில் ஒரு நட்சத்திரம் இருக்கும். பக்கத்தின் அடியில், கண்ணாடி போட்டால் மட்டும் தெரிகிற எழுத்தில், என்இடிசி என்று இருக்கும். ஐரோப்பாவின் பழைய சோதனை முறை அது. காரை ரோட்டில் ஓட்டுவதில்லை. ஓர் அறைக்குள் உருளைகளின் மேல் நிறுத்திச் சக்கரத்தைச் சுழல விடுகிறார்கள். மொத்தம் சுமார் 11 கிலோமீட்டர், 20 நிமிடம், சராசரி வேகம் மணிக்கு ஏறக்குறைய 34 கிலோமீட்டர். 120-ஐத் தொடுவது சில விநாடிகள்தான். ஏர்கோன் அடைத்தே இருக்கும். எந்த விநாடியில் எந்த வேகம் என்பது எல்லோருக்கும் முன்கூட்டியே தெரியும். வினாத்தாளைப் பரீட்சைக்கு முந்தின வாரமே கையில் கொடுத்துவிட்டு, மாணவன் எடுத்த மார்க்கைப் பார்த்து மெச்சிக்கொள்வது மாதிரிதான்.

இந்த எண்ணுக்கும் ரோட்டுக்கும் சம்பந்தமே இல்லாமல் போய்விட்டது என்பதால் ஐரோப்பியர்களே அதைக் கைவிட்டார்கள். 2017 செப்டம்பரில் புதிய மாடல்களுக்கும் 2018 செப்டம்பரில் எல்லாப் புதிய கார்களுக்கும் டபிள்யூஎல்டிபி என்ற முறை வந்தது. அது 23 கிலோமீட்டர், அரை மணி நேரம், வேகம் 131 வரை போகிறது. முன்னதைவிட நேர்மையான கணக்கு, சந்தேகமில்லை. ஆனால் அதிலும் ஏர்கோன் கிடையாது, சோதனை அறையின் வெப்பம் 23 டிகிரி. சுங்கை சிப்புட்டில் 23 டிகிரி வேண்டுமென்றால் விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து வர வேண்டும், முந்தின ராத்திரி நல்ல மழையும் பெய்திருக்க வேண்டும்.

பழைய சோதனையில் இன்னொரு சூட்சுமம் உண்டு. அதில் கார் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு நேரம் சும்மா நிற்கிறது. நின்றதும் எஞ்சின் தானாக அணைந்து, பிரேக்கிலிருந்து காலை எடுத்ததும் தானாகக் கிளம்பும் வசதி ஒன்றை வைத்திருக்கிறீர்களே, அதற்கு அங்கே நல்ல அறுவடை. இங்கே என்ன ஆகிறது? பள்ளி விட்ட மதிய நேரம், சமிக்ஞை விளக்கில் நிற்கிறோம். எஞ்சின் அணைகிறது, கூடவே ஏர்கோனைக் குளிர வைக்கும் கம்ப்ரசரும் நிற்கிறது. காற்றாடி மட்டும் சுற்றிக்கொண்டிருக்கும். முதலில் கொஞ்சம் குளிர்ச்சி, அப்புறம் ஈரவாடை, அப்புறம் வெறும் வெக்கை. பின்னாலிருந்து அம்மா, "என்னடி, கார் நின்னு போச்சா?" என்பார். கை தானாக அந்தப் பட்டனுக்குப் போய் வசதியை அடைத்துவிடும். எனக்குத் தெரிந்தவர்களில் பலர் காரைக் கிளப்பியதும் முதல் வேலையாக அதைத்தான் செய்கிறார்கள். கையேட்டு எண்ணுக்குப் பங்களித்த வசதி, இந்த வெயிலில் யாருக்கும் வேண்டாத வசதி. (பெட்ரோலோடு மின்மோட்டாரும் உள்ள ஹைப்ரிட் கார்கள் பலவற்றில் கம்ப்ரசர் மின்சாரத்தில் ஓடுவதால் இந்தத் தொல்லை இல்லை. அங்கே விலைதான் தொல்லை.)

வெயிலில் வைத்துச் சோதிப்பதெல்லாம் நடக்கிற காரியமா என்று கேட்பீர்கள். அமெரிக்காவில் 2008 மாடல் ஆண்டிலிருந்து நடக்கிறது. அங்கே புதிய காரின் கண்ணாடியில் ஒட்டும் எண்ணெய்க் கணக்குக்கு ஐந்து வகைச் சோதனைகள் அடிப்படை. அதில் ஒன்று, 35 டிகிரி வெப்பத்தில் ஏர்கோன் போட்டு ஓட்டுவது. பாதி நாடு பனியில் உறையும் ஊர்க்காரர்களுக்கு அந்த யோசனை வந்திருக்கிறது. வருடம் பூராவும் மதியம் 32, 33 டிகிரி அடிக்கிற நம் நாட்டில் கார் விற்பவர்களுக்கு வரவில்லை. கடும் வெப்பத்தில் ஏர்கோன் ஒரு சாதாரண காரின் எண்ணெய்ச் சிக்கனத்தை 25 விழுக்காட்டுக்கு மேலும் குறைக்கலாம், குறுகிய பயணங்களில்தான் அடி அதிகம் என்று அந்த நாட்டு எரிசக்தித் துறை மக்களுக்கு வெளிப்படையாகவே சொல்லி வைத்திருக்கிறது. குறுகிய பயணத்தில் ஏன் என்றால், வெயிலில் காய்ந்து கிடந்த காரைக் குளிர்விக்க முதல் சில நிமிடங்களுக்குக் கம்ப்ரசர் முழுமூச்சில் ஓட வேண்டும். எஞ்சினும் அப்போது சூடேறாமல் எண்ணெயைக் கூடுதலாகக் குடிக்கும். பள்ளியிலிருந்து என் வீடு அந்தச் சில நிமிடத் தூரம்தான். கார் ஒழுங்காகச் சிக்கனம் காட்டத் தொடங்கும்போது நான் வாசற்கதவைத் திறந்துகொண்டிருப்பேன்.

எஞ்சினைப் பற்றியும் ஒரு வார்த்தை. இப்போது வருவதில் பல சிறிய டர்போ எஞ்சின்கள், அதாவது காற்றைக் கூடுதலாகத் திணித்துப் பெரிய எஞ்சினின் பலத்தைத் தருபவை. சோதனை அறையில் மெதுவாக வேகம் கூட்டும்போது டர்போவுக்கு அதிக வேலை இருக்காது, சிறிய எஞ்சின் சிறிய எஞ்சினாகவே குடிக்கும். தைப்பூசத்துக்குப் பினாங்குத் தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் போகிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஐந்து பேர், அர்ச்சனைச் சாமான், சாப்பாட்டுக் கூடை, தண்ணீர்ப் போத்தல். கோலகங்சாரில் நெடுஞ்சாலை ஏறித் தைப்பிங் நோக்கிப் போனால் புக்கிட் பெராப்பிட் ஏற்றம் வருகிறது. அங்கே அந்தச் சின்ன எஞ்சின் பெரிய எஞ்சினாக மாறித்தான் ஏறும், குடிப்பதும் அப்படியே. வேகத்துக்கும் விலை உண்டு. பழைய சாலையின் 90-இல் போவதற்கும் நெடுஞ்சாலையின் 110-இல் போவதற்கும் இடையே காற்றின் எதிர்ப்பு ஒன்றரை மடங்காகிறது. அகலமும் உயரமுமாக முகம் உள்ள காருக்கு அந்தச் சுமை தாழ்ந்த காரைவிடக் கூடத்தான் இருக்கும். இதெல்லாம் இயற்கை விதி, இதற்காக உங்களைக் குறை சொல்ல மாட்டேன். இதை வாங்குவதற்கு முன்னால் ஷோரூமில் சொல்லலாம் என்பதுதான் என் குறை.

மலேசியாவில்தான் எண்ணெய் மலிவாயிற்றே, இதற்கு ஏன் இவ்வளவு கணக்கு என்று ஈப்போவில் ஒரு சொந்தக்காரர் கேட்டார். எங்கள் ஊரில் யாரும் லிட்டரில் கணக்குப் பார்ப்பதில்லை. ஐம்பது வெள்ளிக்கு (ரிங்கிட்டுக்கு) எண்ணெய் போட்டால் எவ்வளவு தூரம் போகும், அதுதான் கணக்கு. 2025 செப்டம்பர் 30-இல் புடி95 என்ற பெட்ரோல் சலுகைத் திட்டம் பொதுமக்கள் எல்லோருக்கும் தொடங்கியபோது, மைகார்டு (அடையாள அட்டை) காட்டினால் லிட்டர் 1.99 ரிங்கிட், ஒருவருக்கு மாதம் 300 லிட்டர் என்று அறிவித்தார்கள். அந்த விலையில் ஐம்பது வெள்ளிக்குச் சுமார் 25 லிட்டர். கையேட்டின்படி 450 கிலோமீட்டர் போக வேண்டும். நிஜத்தில் 300. நடுவில் காணாமல் போன 150 கிலோமீட்டர், இங்கிருந்து ஏறக்குறைய பினாங்குக்குப் போகும் தூரம். சலுகை விலையிலேயே இப்படி. மாதச் சம்பளத்தில் தவணை, இன்சூரன்ஸ், ரோட்டேக்ஸ் என்று ஏற்கனவே பிரித்து வைத்திருப்பவர்களுக்கு இந்த வித்தியாசம் உறைக்கும்.

சொகுசு என்று நீங்கள் சொல்வதைப் பற்றியும் பேச வேண்டும். அதற்கும் எண்ணெய்க்கும் தொடர்பு இருக்கிறது.

உங்கள் உயர்ந்த வகைக் காரில் 18 அங்குலச் சக்கரம் வருகிறது. பார்க்க எடுப்பாக இருக்கும். ஆனால் சக்கரம் பெரிதாகப் பெரிதாக டயரின் பக்கச்சுவர் ஒடுங்குகிறது. பள்ளத்தில் விழும்போது அதிர்ச்சியைத் தாங்க ரப்பர் குறைவு. செம்பனைக் குலை ஏற்றும் லாரிகள் ஓடி ஓடிக் குதறிப் போட்ட செம்மண் ரோட்டில் அந்தச் சக்கரம் ஒவ்வொரு கல்லையும் அம்மாவின் முட்டிக்குத் தபாலில் அனுப்பிவிடும். பெரிய சக்கரம் எடையும் கூட, எண்ணெயும் கூட. டபிள்யூஎல்டிபி முறையில் சக்கரமும் டயரும் மாறினால் கணக்கும் மாறும், அது உங்கள் பொறியாளர்களுக்கு நன்றாகவே தெரியும். அப்படியிருக்க, பாதுகாப்பு வசதிகள் எல்லாம் வேண்டுமென்றால் பெரிய சக்கரத்தையும் சேர்த்துத்தான் வாங்க வேண்டும் என்று ஏன் கட்டிப்போடுகிறீர்கள்? ஏர்பேக் ஆறு வேண்டும், சக்கரம் 17 அங்குலம் போதும் என்று கேட்டால் "அந்த வேரியண்ட் இல்ல டீச்சர்" என்கிறார் அதே தம்பி.

ஸ்பேர் டயர் இன்னொரு கதை. சில கார்களில் அதை எடுத்துவிட்டு, ஒட்டும் மருந்துப் போத்தலும் ஒரு குட்டிப் பம்பும் வைக்கிறீர்கள். ஆணி குத்தினால் அது போதும். கூரான கல் பக்கச்சுவரைக் கிழித்தால் அந்த மருந்து எதையும் ஒட்டாது. கைத்தொலைபேசிச் சிக்னல் இல்லாத செம்பனைக் காட்டுக்குள், ராத்திரியில், அந்தப் போத்தலைக் கையில் வைத்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான்.

கதவைப் பாருங்கள். இது யாரும் எழுதாத விஷயம், ஆனால் எங்கள் வீட்டில் இதைப் பற்றித்தான் அதிகம் பேசுகிறோம். கதவின் அடி ஓரம் காரின் படிவிளிம்புக்கு மேலேயே முடிந்துவிடுகிறது. தோட்டத்து ரோட்டில் போய்வந்தால் அந்த விளிம்பு முழுவதும் செஞ்சேறு அப்பியிருக்கும். உயரமான கார் ஆதலால் இறங்கும்போது கெண்டைக்கால் அதில் உரசாமல் இருக்காது. கோயில் வாசலில் அம்மா இறங்குவார். பட்டுச்சேலையின் பின்பக்கம், கணுக்காலுக்குச் சற்று மேலே, ஒரு சாண் நீளத்துக்குச் செம்மண் கோடு. வேட்டி கட்டிய என் வீட்டுக்காரருக்கும் அதே கோடு, அதே இடத்தில். சில கார்களில் கதவே கீழ்விளிம்பையும் மூடிக்கொண்டு இறங்கும்; கதவைத் திறந்தால் விளிம்பு சுத்தமாக இருக்கும். புதுக் கண்டுபிடிப்பு ஒன்றும் தேவையில்லை. இப்போதைக்கு முன்கதவுப் பையில் ஒரு பழைய கைத்துண்டு வைத்திருக்கிறோம், யார் இறங்கினாலும் நான் முதலில் இறங்கித் துடைக்க வேண்டும்.

ஏர்கோனைக் கூட்டிக் குறைக்கும் திருகு குமிழை எடுத்துவிட்டுத் தொடுதிரைக்குள் போட்டதையும் மறுபடி யோசியுங்கள். தார் ரோட்டில் விரல் சரியான இடத்தில் விழும். செம்மண் ரோட்டில் காற்றைக் கூட்டப் போனால் பாட்டு மாறுகிறது, பாட்டை மாற்றப் போனால் யாருக்கோ போன் போகிறது.

உங்களைத் தொழிற்சாலையை மாற்றி அமைக்கச் சொல்லவில்லை. கதவும் சக்கரமும் அடுத்த மாடலில் வரட்டும், காத்திருக்கிறோம். எண்ணெய்க் கணக்கை அடுத்த முறை கையேடு அச்சடிக்கும்போதே சரிசெய்யலாம். எந்தச் சோதனை முறை என்பதைப் பொடி எழுத்தில் ஒளிக்காமல் எண்ணுக்குப் பக்கத்தில் போடுங்கள். ஏர்கோன் போட்டு, ஆட்களை ஏற்றி, நம் நாட்டு ரோட்டில் ஓட்டி எடுத்த எண் ஒன்றும், நெடுஞ்சாலைக்குத் தனி எண் ஒன்றும் போடுங்கள். 100 கிலோமீட்டருக்கு எத்தனை லிட்டர் என்பதோடு லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் என்றும் எழுதுங்கள், எல்லோரும் வகுத்துப் பார்த்துக்கொண்டிருக்க மாட்டார்கள். பன்னிரண்டு என்று உண்மையைப் போட்டால் விற்காது என்று பயப்படுகிறீர்கள் போலிருக்கிறது. அம்மாவால் ஏறி இறங்க முடிகிற கார் எனக்கு வேண்டியிருந்தது. பன்னிரண்டு என்று தெரிந்திருந்தாலும் நான் வாங்கியிருப்பேன். மாதச் செலவை மட்டும் வேறு மாதிரி போட்டிருப்பேன்.

ஷோரூமைச் சுற்றிப் பத்து நிமிடம் ஓட்டக் கொடுக்கும் டெஸ்ட் டிரைவும் அப்படித்தான், குளிர்ந்த கார், காலி இருக்கைகள், வழுவழுப்பான ரோடு. உங்கள் ஆட்களை ஒரு கார் எடுத்துக்கொண்டு எங்கள் ஊருக்கு அனுப்பி வையுங்கள். பாதையை நான் காட்டுகிறேன்: டவுனைச் சுற்றி இரண்டு முறை, பழைய சாலையில் கோலகங்சார் வரை, திரும்பி வந்து தோட்டத்துச் செம்மண் ரோட்டில் கொஞ்சம். பின்னிருக்கைக்கு மூன்று பேரை நானே ஏற்பாடு செய்கிறேன், அதில் ஒருவர் அம்மா. டேங்கை நிரப்பிவிட்டுப் புறப்படலாம், திரும்பி வந்ததும் அதே பம்பில் நிரப்பலாம். வருவதென்றால் மதியம் ஒரு மணிக்கு வரச் சொல்லுங்கள். மூன்று மணிக்கு மேல் மழை பிடித்தால் ஊரே குளிர்ந்துவிடும், அப்போது எடுக்கிற கணக்கு செல்லாது.

இப்படிக்கு,
கிராஸ்ஓவர் ஓட்டும் ஓர் ஆசிரியை
சுங்கை சிப்புட், பேராக்